ஃப்ரீலான்ஸ் டிசைனர் டீமுக்குப் போவதென்றால்: எந்த வழி, யாருக்கு?

தனியாக வேலை பார்க்கிற டிசைனருக்கு ‘பேசாமல் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிடலாமா’ என்கிற யோசனை வருவது பெரும்பாலும் பேமெண்ட் இழுத்தடிக்கும் மாதத்தில்தான். இரண்டு கிளையண்ட் ஒரே நேரத்தில் ‘அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன்’ என்பார்கள், இஎம்ஐ தேதி நெருங்கும், வீட்டில் யாராவது ‘மாசச் சம்பளம்னா இந்தத் தலைவலி இல்லையே’ என்று ஆரம்பிப்பார்கள், நாமும் லிங்க்ட்இன்னைத் திறந்து ரெஸ்யூமேயைத் தூசு தட்டுவோம். பணம் வந்து விழுந்ததும் அந்த யோசனை காணாமல் போய்விடும். அடுத்த இழுத்தடிப்பில் திரும்ப வரும்.

என் பக்கம் எதுவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத் தொல்லைக்காக டீமுக்குப் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பணத் தொல்லையில் பெரும்பகுதியைத் தனியாக இருந்துகொண்டே சரிசெய்ய முடியும். தனியாக இருந்து சரிசெய்ய முடியாதது ஒன்றே ஒன்று: உங்கள் டிசைன் பாதியில் இருக்கும்போதே, விவரம் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்து ‘இது ஏன் இப்படி’ என்று கேட்பது. கிளையண்ட் கேட்பது அதில் சேராது. அவர் ‘லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க’ என்பார், அதோடு சரி. நான்கைந்து வருடம் இப்படியே போனால் கை வேகமாகிறது, கண் அங்கேயே நிற்கிறது. டீமுக்குப் போக உண்மையான காரணம் இதுதான் என்பது என் எண்ணம். அதனால் கீழே வரும் வழிகளைச் சம்பளத்தை வைத்து மட்டும் பார்க்காமல், உங்கள் அரைகுறை வேலையை யார் பார்ப்பார்கள், பணத்தை யார் கேட்டு வாங்குவார்கள் என்ற இரண்டையும் வைத்துப் பார்க்கிறேன்.

நான்கிலிருந்து எட்டு வருடம் தனியாக ஓட்டியிருக்கிற, சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ இருக்கிற, பிராண்டிங்கும் ஆப் டிசைனும் கலந்து செய்கிற ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். புதிதாகப் படித்து வெளியே வருபவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் யோசிக்காமல் ஏதாவது ஒரு டீமில் சேரலாம்.

தனியாகவே தொடர்ந்தால்

உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசாங்கப் பதிவு, இருக்கிறதா என்று கேட்டால் ‘அது ஃபேக்டரி வைத்திருப்பவர்களுக்குத்தானே’ என்பார்கள். இல்லை. சேவைத் தொழிலுக்கும் உண்டு, தனி ஆளும் பதியலாம், ஆன்லைனில் இலவசம். அதனால் என்ன லாபம்? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவுள்ள சிறு தொழிலுக்குப் பணம் தரவேண்டியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இது வெகுநாளாகப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது: கெடு தாண்டிவிட்டால், உங்களுக்குத் தரவேண்டிய தொகையை உண்மையில் கொடுக்கிற ஆண்டில்தான் கிளையண்ட் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் நெருங்கும்போது அவருடைய ஆடிட்டரே உங்கள் பில்லைத் தேடி எடுக்கிறார் என்றால் காரணம் இதுதான். இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணையும் ‘45 நாள்’ என்ற ஒரு வரியையும் போடுங்கள். சண்டை போடாமலே பாதி வேலை நடந்துவிடும்.

அப்புறம் ரீடெய்னர். ஒவ்வொரு போஸ்டருக்கும் ஒரு கொட்டேஷன் அனுப்பிக்கொண்டிருப்பவர், மாதம் இத்தனை மணி நேரம், இவ்வளவு தொகை, அட்வான்ஸாக முதல் வாரத்தில் என்று இரண்டு கிளையண்ட்டை மாற்றினாலே வாடகையும் மளிகையும் அதிலேயே ஓடும். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்கள், தனியார் மருத்துவமனைகள், பள்ளிகள் போன்ற, வருடம் முழுக்க ஏதாவது அச்சடித்துக்கொண்டே இருக்கிற இடங்களுக்கு இது பிடிக்கும். ஸ்டார்ட்அப்களுக்குப் பெரும்பாலும் பிடிக்காது.

டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டிவிடும் வரி பற்றி ஒரு வார்த்தை. தொழில்முறைக் கட்டணம் என்று வகைப்படுத்தினால் கம்பெனிகள் 10 சதவீதம் பிடித்துவிட்டுத்தான் கொடுக்கும். வருடத்துக்கு 12 லட்சம் வரவு என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 1.2 லட்சம் அரசாங்கத்திடம் போய் உட்கார்ந்துகொள்ளும், ரிட்டர்ன் போட்ட பிறகுதான் ரீஃபண்டாக வரும். அது நஷ்டமில்லை, ஆனால் கையில் இல்லாத பணம். அதைச் சேர்க்காமல் ‘என் மாத வருமானம் ஒரு லட்சம்’ என்று சொல்லிக்கொள்வதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டுகிற உத்தேசத் திட்டம், பழைய சட்டத்தில் 44ஏடிஏ என்று இருந்தது, நிறையப் பேருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அந்தத் தொழில் பட்டியலில் இன்டீரியர் டெகரேஷன் இருக்கிறதே தவிர, கிராஃபிக் டிசைன் பெயர் சொல்லி இல்லை. உங்கள் வேலை தொழில்நுட்ப ஆலோசனையில் சேருமா, வியாபாரக் கணக்கில் போடவேண்டுமா என்பதை யூடியூபில் தேடாமல் ஆடிட்டரிடம் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு, வருட வரவு 20 லட்சம் தாண்டினால் கட்டாயம். உள்ளூர் கிளையண்ட்டுக்கு 18 சதவீதம் சேர்த்துப் பில் போடவேண்டும். வெளிநாட்டு கிளையண்ட் என்றால், எல்யூடி என்கிற உறுதிமொழிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டால், வரி பூஜ்யம்.

வெளிநாட்டு வேலையை தளங்கள் வழியாக எடுப்பவர்கள் கமிஷனைக் கணக்கில் வையுங்கள். ஃபைவர் 20 சதவீதம் எடுக்கிறது. அப்வொர்க் 2023இல் எல்லாருக்கும் 10 சதவீதம் என்று வைத்தது, 2025 மே மாதத்திலிருந்து வேலையைப் பொறுத்து 15 சதவீதம் வரை போகலாம் என்று மாற்றிவிட்டது. விதி அவர்கள் கையில்.

தனியாக இருப்பதில் ஒரு பெரிய சொத்து இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஃப்ரீலான்ஸராக நீங்கள் வடிவமைத்ததற்குப் பொதுவாக முதல் உரிமையாளர் நீங்கள்தான், எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை. (காசு வாங்கிக்கொண்டு எடுத்த போட்டோ, வரைந்த பெயிண்டிங், போர்ட்ரெயிட் போன்றவற்றுக்கு விதி வேறு.) மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சம்பளத்துக்குச் சேர்ந்த நாளிலிருந்து இது தலைகீழ். வேலையின் பகுதியாகச் செய்வதெல்லாம் முதலாளியுடையது. போர்ட்ஃபோலியோவில் போடவேண்டுமென்றால்கூட அனுமதி கேட்கவேண்டி வரலாம்.

ஆக, தொல்லை பணம் மட்டும்தான் என்றால் மேலே சொன்னதை ஒரு வருடம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் கீழே படியுங்கள்.

சம்பளம் என்கிற எண்

கம்பெனி சொல்லும் சிடிசியை (வருடத்துக்கு உங்களுக்காக அவர்கள் செய்யும் மொத்தச் செலவு) ஃப்ரீலான்ஸ் வரவோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. சிடிசி 9 லட்சம் என்று ஒரு ஆஃபர் வருகிறது என்று வையுங்கள். அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், பாதி, 4.5 லட்சம். முழு பேசிக்கின் மேல் பிஎஃப் போடுகிற கம்பெனி என்றால் அவர்கள் பங்கு 12 சதவீதம், 54,000. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது பேசிக்கில் 4.81 சதவீதம், கிட்டத்தட்ட 21,600. இரண்டும் சிடிசிக்குள்ளேயே இருக்கும். மீதியில் உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 54,000 பிடிப்பார்கள். தொழில் வரி கொஞ்சம் போகும். புதிய வரி முறையில் 2025-26இலிருந்து, 75,000 நிலையான கழிவோடு 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி இல்லை, அதனால் வருமான வரி பூஜ்யம். மாதம் கையில் வருவது சுமார் 64,000. ‘மாசம் 75,000’ என்று மனக்கணக்குப் போட்டவருக்கு முதல் பே ஸ்லிப் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பிஎஃப் கணக்கில் வருடத்துக்கு 1,08,000 சேர்கிறது, அது உங்கள் பணம், தனியாக இருந்தபோது நீங்கள் சேர்த்திருக்க மாட்டீர்கள் என்று தைரியமாகப் பந்தயம் கட்டுவேன்.

பணமாகத் தெரியாத இரண்டு விஷயம். ஒன்று, குழு மருத்துவக் காப்பீடு. பல கம்பெனிகளில் பெற்றோரையும் சேர்க்கலாம், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்குக் காத்திருப்பு இல்லாமல் முதல் நாளிலிருந்தே. தனியாகப் பாலிசி எடுத்தால் அதற்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா இருக்கிறவருக்கு இது ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடலாம், அதில் தப்பே இல்லை. இரண்டாவது, வீட்டுக் கடன். சம்பளக்காரர் பே ஸ்லிப்பும் ஃபார்ம் 16ம் நீட்டினால் பேச்சு ஆரம்பமாகும். ஃப்ரீலான்ஸரிடம் இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்பார்கள், அதில் வரியை மிச்சப்படுத்தக் குறைவாகக் காட்டிய வருமானத்தை வைத்தே தகுதி பார்ப்பார்கள். வங்கி அதிகாரியிடம் ‘உண்மையில் இதைப்போல ரெண்டு மடங்கு வரும் சார்’ என்று சொல்ல முடியாது.

ஏஜென்சி

சென்னையில் 1973இல் தொடங்கிய ஆர்.கே.சுவாமி மாதிரி பழைய விளம்பர நிறுவனம் முதல், நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடியில் எட்டுப் பேரோடு நடக்கிற சோஷியல் மீடியா ஏஜென்சி வரை எல்லாவற்றையும் நாம் ஏஜென்சி என்றுதான் சொல்கிறோம். இரண்டும் ஒன்றில்லை. இரண்டாவது வகையில் பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே தனியாகச் செய்துகொண்டிருக்கிற அதே பண்டிகை போஸ்டரைக் குறைந்த பணத்துக்கு அதிக எண்ணிக்கையில் செய்வீர்கள். கேன்வாவும் படம் உருவாக்கும் ஏஐ கருவிகளும் முதலில் சாப்பிடுவது இந்த வேலையைத்தான், அதனால் ஐந்து வருட அனுபவம் உள்ளவர் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்பது என் கருத்து.

நல்ல ஏஜென்சி வேறு. அங்கே ஒரு ஆர்ட் டைரக்டர் இருப்பார், உங்கள் பேக்கேஜிங் ஆர்ட்வொர்க் சிவகாசிக்குப் போகும் முன் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, பின்பக்கத்து ஆறு பாயிண்ட் எழுத்தைக் காட்டி ‘இந்தக் கறுப்பு எத்தனை கலர்ல இருக்கு’ என்று கேட்பார். நான்கு மையிலும் கலந்த கறுப்பு என்றால், தட்டு ஒரு முடியளவு நகர்ந்தாலும் சின்ன எழுத்து மங்கிப்போகும், வெறும் கறுப்பு மை நூறு சதவீதம் மட்டும் வைக்கவேண்டும் என்பது அன்றைக்கு உள்ளே போய் உட்காரும். தனியாக இருந்திருந்தால் இதையே அச்சாகி வந்த பெட்டிகளைப் பார்த்துத்தான் கற்றிருப்பீர்கள், கிளையண்ட் செலவில்.

தமிழில் ஒழுங்காக எழுத்துக் கோர்க்கத் தெரிந்தவருக்கு ஏஜென்சியில் மரியாதை அதிகம். பழைய ஃபான்ட் குறியீட்டில் அடித்த மேட்டரை யூனிகோடுக்கு மாற்றுவது, இன்டிசைனில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போஸரை மாற்றி வைப்பது, கொம்பும் காலும் பிரிந்து நிற்காமல் பார்ப்பது, தலைப்புக்கும் உடல் எழுத்துக்கும் இடையே வரி இடைவெளியைத் தமிழுக்கேற்ற மாதிரி விடுவது. ஆங்கிலம் மட்டும் செய்கிற டிசைனர்களுக்கு நடுவில் இது உங்களைத் தனியாகக் காட்டும்.

குறை எல்லாருக்கும் தெரிந்ததே. பிட்ச், அதாவது புது கிளையண்ட்டைப் பிடிக்க யோசனை காட்டும் வேலை என்றால், இரவு விழிப்புதான். ஒரு வேலையில் மூழ்கும் முன் அடுத்தது வந்துவிடும். பணம் கேட்கும் வேலை கிளையண்ட் சர்வீசிங் ஆட்களுக்குப் போய்விடும், அது நிம்மதி, ஆனால் கிளையண்ட் என்ன சொன்னார் என்பதும் அவர்கள் வாய்வழியாகத்தான் உங்களிடம் வரும். நேராகப் பேசிப் பழகியவருக்கு இதுதான் முதலில் எரிச்சலைக் கிளப்பும்.

ப்ராடக்ட் கம்பெனி

சொந்தமாக மென்பொருள் உருவாக்கி விற்கிற கம்பெனியில் சேர்வது சென்னையிலிருக்கும் டிசைனருக்கு வெறும் கனவு இல்லை. ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ எல்லாம் இங்கே பிறந்தவை. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010இல் தொடங்கி 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலானது, ஸோஹோவுக்குத் தென்காசிப் பக்கமே அலுவலகம் உண்டு, டிசைன் சொல்லிக்கொடுக்கத் தனிப் பள்ளியும் நடத்துகிறார்கள். பெரிய பெயர்களை விட்டாலும் ஓஎம்ஆரிலும் கோவையிலும் சின்ன மென்பொருள் கம்பெனிகள் ஏராளம்.

இங்கே நடக்கிற டிசைன் ரிவ்யூவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தனியாக இருப்பவர் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் நடப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. கணக்கு மென்பொருளில் பில்களின் பட்டியல் காட்டும் ஒரு திரை, அவ்வளவுதான் வேலை. எட்டு வரிசை, அழகான இடைவெளி, வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் இரண்டே சொல், ஃபிக்மா என்கிற டிசைன் மென்பொருளில் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ரிவ்யூவில் முதல் ஆள் கேட்பார்: இன்றைக்குத்தான் கணக்கு தொடங்கியவருக்கு ஒரு பில்லும் இருக்காதே, அவருக்கு என்ன தெரியும்? அடுத்தவர், வாடிக்கையாளர் பெயர் ‘ஸ்ரீ பாலதண்டாயுதபாணி நவீன அரிசி ஆலை’ என்று இருந்தால் எங்கே உடையும், இரண்டாவது வரிக்குப் போகுமா, மூன்று புள்ளி வைத்து வெட்டுவீர்களா, வெட்டினால் அதே பெயரில் தொடங்கும் இரண்டு ஆலையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? டெவலப்பர் ஒருவர், தொகை 1,24,50,000 என்று லட்சக் கணக்கில் கமா போடுவதா, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 12,450,000 என்றா, இரண்டுக்கும் அகலம் போதுமா என்பார். இன்னொருவர் உங்கள் அழகான சாம்பல் நிற எழுத்தைக் காட்டி, வெள்ளைப் பின்னணியில் இதன் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 4.5க்கு 1 வருகிறதா என்று கேட்டுவிட்டு அங்கேயே அளந்தும் பார்ப்பார். ‘பணம் வந்துவிட்டது’ என்று குறிக்கும்போது நெட் போனால்? ஒரே பில்லை இரண்டு பேர் திறந்திருந்தால்? அரை மணி நேரத்தில் உங்கள் ஒரு திரை பதினைந்து திரையாகிவிடும்.

இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆறு வருட அனுபவத்துக்குப் பிறகு காலேஜ் முடித்து வந்த பையன் கேள்வி கேட்கிறானே என்று. எனக்கு இதுதான் டீமின் முழு மதிப்பும். கிளையண்ட் யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை. கேட்காததால் அந்தப் பிரச்சினைகள் இல்லாமல் போகவில்லை. நீங்கள் ஃபைலைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு யாரோ ஒரு டெவலப்பர் தன் இஷ்டத்துக்கு முடிவெடுத்திருப்பார்.

சரி, இனிப்பு மட்டும் சொல்லக்கூடாது. ஒரு காலாண்டு முழுக்க செட்டிங்ஸ் பக்கத்திலேயே கழியும். நிறம், எழுத்து, பட்டன் வளைவு எல்லாம் டிசைன் சிஸ்டம் என்கிற பொது விதித் தொகுப்பில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும், உங்கள் ‘ஸ்டைல்’ யாருக்கும் வேண்டாம். போஸ்டர், லோகோ, எழுத்துரு என்று கைவேலையில் மகிழ்ச்சி காண்பவருக்கு ஆறே மாதத்தில் மூச்சு முட்டும். கூட்டங்கள் வேறு. முடிவெடுக்கும் அதிகாரம் ப்ராடக்ட் மேனேஜரிடம் இருக்கும், சில இடங்களில் அவர் மற்றொரு கிளையண்ட், அதுவும் தினமும் பக்கத்து நாற்காலியில்.

நேர்காணலைப் பொறுத்தவரை ஃப்ரீலான்ஸர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பிஹான்ஸ் மாதிரி டிசைனர்கள் வேலையைக் காட்டும் தளத்தில் இருக்கிற பளபளப்பான மாக்அப் (மாதிரிப் படம்) இங்கே எடுபடாது. என்ன பிரச்சினை, என்னென்ன யோசித்தீர்கள், எதை ஏன் கைவிட்டீர்கள், வெளியான பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் நம்மிடம் பதில் இருக்காது, ஏனென்றால் ஃபைலைக் கொடுத்ததோடு நம் உறவு முடிந்திருக்கும். இன்றைக்கே பழைய கிளையண்ட் இரண்டு பேருக்கு போன் செய்து ‘அந்த ஆப் இப்போது எப்படிப் போகிறது, ஆட்கள் எங்கே தடுமாறுகிறார்கள்’ என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பத்து புது மாக்அப்பைவிட அது உதவும். ‘டீமில் இருந்ததில்லை’ என்பதைக் காட்டி ஒரு படி கீழே பதவி தருவார்கள். சம்பளம் சரியாக இருந்தால் பதவியின் பெயருக்காக மல்லுக்கட்டாதீர்கள், ஒரு வருடத்தில் அது தானாகச் சரியாகும்.

சைடில் பழைய கிளையண்ட்டை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமிருந்தால் ஆஃபர் லெட்டரை வரி விடாமல் படியுங்கள். 2022இல் விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை அனுப்பிவிட்டதாகச் சொன்னதிலிருந்து இந்த விஷயத்தில் எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். சேரும் முன் கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டால் பிரச்சினையே இல்லை. சேர்ந்த பிறகு கேட்டால் பதில் ‘இல்லை’ என்றுதான் வரும்.

நண்பர்களோடு ஸ்டூடியோ

எல்லாருக்கும் பிடித்த வழி இதுதான். ஒரு இல்லஸ்ட்ரேட்டர், ஒரு டெவலப்பர், நீங்கள், ஒரு நல்ல பெயர், டீக்கடையில் பேசியே லோகோ வரை முடிந்துவிடும். இதற்கு உலகம் காட்டும் உதாரணம் பென்டாகிராம். 1972இல் லண்டனில் ஐந்து டிசைனர்கள் சேர்ந்து ஆரம்பித்தது, இன்றைக்கும் பார்ட்னர்களுக்கே சொந்தம், மேலே ஒரு சிஇஓ கிடையாது, ஒவ்வொரு பார்ட்னரும் தன் சின்ன டீமைத் தானே நடத்துகிறார், லாபத்தைச் சமமாகப் பிரிக்கிறார்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அதில் கவனிக்கவேண்டியது, ஒவ்வொருவரும் தனியாக வேலை பிடிக்கிற திறமையோடு உள்ளே வருகிறவர்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களில் ஒருவர்தான் கிளையண்ட் பிடிப்பார், மற்றவர்கள் செய்வார்கள். பத்தாவது மாதத்தில் இரண்டு தரப்புக்குமே தான்தான் அதிகம் உழைப்பதாகத் தோன்றும், இரண்டு தரப்பும் சொல்வது உண்மையாக இருக்கும்.

பத்திரம் எழுதாமல் ஆரம்பிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். 1932 பார்ட்னர்ஷிப் சட்டம் நீங்கள் எழுதாத இடத்தையெல்லாம் தானே நிரப்பிவிடும். லாபம் சம பங்கு. உழைத்ததற்குத் தனிச் சம்பளம் கிடையாது. காலம் குறிப்பிடவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் ஒரு நோட்டீஸ் கொடுத்துக் கலைக்கலாம். கடன் என்று வந்தால் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு, சொந்தச் சொத்து வரைக்கும். 2008 சட்டப்படி எல்எல்பி (பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) ஆகப் பதிந்தால் அந்தக் கடைசிப் பயம் குறையும், ஆனால் வருடாந்திரக் கணக்குத் தாக்கல் சேர்ந்துகொள்ளும், உத்தேச வரித் திட்டமும் எல்எல்பிக்குக் கிடையாது. ஃபர்ம், எல்எல்பி இரண்டுக்குமே லாபத்தில் 30 சதவீதம் வரி, அதற்குமேல் செஸ். தனி ஆளாக 12 லட்சம் வரை வரியில்லாமல் இருந்தவர்கள், பார்ட்னர் சம்பளம் எவ்வளவு எடுப்பது என்று திட்டமிடாமல் ஃபர்ம் ஆரம்பித்துவிட்டு முழிப்பார்கள்.

பத்திரத்தில் பணத்தைவிட முக்கியமாக எழுதவேண்டியது, பிரியும்போது பெயர் யாருக்கு, பழைய வேலைகளை யார் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம், நடுவில் நிற்கிற ப்ராஜெக்ட்டை யார் முடிப்பது என்பவை. நட்பைக் காப்பாற்றுவதும் அந்தக் காகிதம்தான்.

நான் வைத்த அளவுகோலில் பார்த்தால் ஸ்டூடியோ ஒரு விசித்திரமான இடம். அரைகுறை வேலையைப் பார்க்க ஆள் இருக்கிறது, ஆனால் அது உங்கள் நண்பன், உங்களைப் போலவே தனியாகக் கற்றவன், கடிந்து சொல்லக் கூச்சப்படுவான். பணம் கேட்கும் வேலையோ மூன்று பேர் சம்பளத்துக்கும் சேர்த்து உங்கள் தலையில். தனியாக இருந்தபோது பேமெண்ட் வரவில்லை என்றால் உங்கள் வீட்டில் மட்டும்தான் பதில் சொன்னீர்கள்.

ஆறு மாத ஒப்பந்தம்

அதிகம் பேசப்படாத, நான் பலருக்கும் முதலில் சொல்கிற வழி இது. கம்பெனியின் டிசைன் டீமுக்குள் முழுநேரமாக உட்காருவீர்கள், ஆனால் பே ரோலில் இல்லாமல் மாதாமாதம் இன்வாய்ஸ். ரிவ்யூவில் கலந்துகொள்ளலாம், டெவலப்பர் பக்கத்தில் உட்காரலாம், வெளியான பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஒத்துவரவில்லை என்றால் 90 நாள் நோட்டீஸ் என்ற இழுபறி இல்லாமல் நகரலாம். பிஎஃப், காப்பீடு எதுவும் வராது, அதனால் அதே வேலைக்கான சம்பளத்தைவிடக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு அதிகமாகக் கேளுங்கள். இது ஏட்டுக் கணக்கில்லை, என் அனுபவக் கணக்கு.

ஏமாறுகிற இடமும் இருக்கிறது. ஆறு மாதம் இரண்டு வருடமாக நீளும், வேலை நேரம் ஊழியருக்கு உள்ளதுதான், சலுகை மட்டும் கிடையாது, வேறு கிளையண்ட் எடுக்கக்கூடாது என்று ஒரு வரியும் ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும். அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதற்குத் தனி விலை கேளுங்கள். ஒரு வருடத்துக்குள் வேலையில் எடுக்கவில்லை என்றால் எடுக்கும் எண்ணம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது என்று என்னைக் கேட்டால்: ஆப், வலை என்று திரை வேலையில் ருசி உள்ளவர் ஒப்பந்தத்தில் நுழைந்து, பிடித்தால் அதே மாதிரி ப்ராடக்ட் டீமில் நிலைத்துவிடலாம். அச்சு, பேக்கேஜிங், தமிழ் எழுத்து என்று கையில் பிடித்துப் பார்க்கிற வேலை பிடித்தவர் ஒரு நல்ல ஆர்ட் டைரக்டரைத் தேடி ஏஜென்சிக்குப் போகட்டும், கம்பெனியின் பெயரைப் பார்க்காமல் அந்த ஆளைப் பார்த்து. ஸ்டூடியோ, இவை இரண்டில் ஒன்றில் சில வருடம் இருந்த பிறகு. வயதான பெற்றோரும் வீட்டுக் கடன் திட்டமும் இருப்பவருக்கு ஒப்பந்தத்தைத் தாண்டி நேராகச் சம்பளம். உள்ளூரில் கிளையண்ட் பிடிக்கிறதிலேயே சந்தோஷம் காண்கிற சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு டீமே வேண்டாம், மாதம் ஒரு முறை வேலையைக் காட்டிப் பேச மூத்த டிசைனர் ஒருவரைப் பிடித்து, அவருடைய நேரத்துக்குப் பணமும் கொடுத்தால் போதும்.

எதில் சேர்வதானாலும், நேர்காணலின் முடிவில் ‘ஏதாவது கேட்கணுமா’ என்பார்கள் இல்லையா, அப்போது கடைசியாக நடந்த டிசைன் ரிவ்யூவில் என்ன மாறியது, யார் சொல்லி மாறியது என்று கேளுங்கள். உடனே ஒரு திரையைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிந்தால் அங்கே ரிவ்யூ நடக்கிறது. ‘நாங்க ரொம்ப கொலாபரேடிவ்’ என்று பொதுவாகச் சொன்னால் நடக்கவில்லை.

பழைய கிளையண்ட்டுகளை விட்டுவருவதற்கும் ஒரு மாதம் ஒதுக்குங்கள். எடிட் செய்யக்கூடிய மூல ஃபைல், பயன்படுத்திய எழுத்துருக்களின் பட்டியல், எதற்கு லைசென்ஸ் யார் பெயரில் வாங்கியது, அச்சகத்தின் போன் எண், பாக்கித் தொகை, எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு மெயிலில் அனுப்பிவிடுங்கள். உங்கள் பெயரில் வாங்கிய டொமைன் ஏதாவது இருந்தால் அதையும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது அலுவலகத்தில் முதல் ரிவ்யூ நடக்கும்போது வெப்சைட் நின்றுபோனதாக ஒரு ஜவுளிக் கடைக்காரர் போன் அடிப்பார், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு.